ஐந்தசைச் சீர் மெர்சிங் வந்த கதை

திரையில் வந்து விழுந்தவை மூன்றே எழுத்து. டீ, ஓ, ஓ. கூட்டிப் படித்தால் 'டூ'.

மலேசியாவின் மெர்சிங்கில் கடலைப் பார்த்த வாடகை அறை அது. ஜனவரி மாதம். வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கடைந்துகொண்டிருந்தது. தியோமான் தீவுக்குப் போகும் படகுகள் ஜெட்டியில் கட்டிக் கிடந்தன. பயணிகள் வராத ஊரில் நானும், ஒரு டிரான்ஸீவரும், லேப்டாப்பும், ஒரு பொட்டலம் கெரோப்போக்கும். ஜன்னலுக்கு வெளியே நீளமான தூண்டில் கழி ஒன்றை நட்டு, அதில் ஐந்து மீட்டர் கம்பியைச் செங்குத்தாக ஓட்டியிருந்தேன். இரண்டு நாள் தொண்டை வற்றக் கூப்பிட்டேன். விரல் வலிக்கக் கூப்பிட்டேன் என்பதுதான் சரி. விசைப்பலகையில் தட்டி எழுத்தாக அனுப்பும் வானொலி இது; பேச்சே கிடையாது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் மாலை ஜப்பானிலிருந்து ஒரு நிலையம் என் அழைப்புக்குறியைச் சொல்லிப் பதில் கொடுத்தது. அதை அடுத்து 'டூ'. மறுபடியும் 'டூ'.

பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டுக்கொண்டு 'டூ' விடுவோமே, அதுதான் ஞாபகம் வந்தது. இன்னும் வணக்கம்கூடச் சொல்லவில்லை, அதற்குள் டூவா?

அந்த ஜப்பான்காரர் டூ விடவில்லை. 599 என்று அனுப்பியிருந்தார். உன் சிக்னல் தெளிவு 5, வலு 9, ஒலி 9 என்பது அதன் பொருள். நிஜத்தில் எப்படிக் கேட்டாலும் 599 என்றே சொல்வது அமெச்சூர் வானொலிக்காரர்களின் மரியாதை. வீட்டுக்கு வந்தவரிடம் 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்டால், மூட்டுவலியைச் சொல்லாமல் 'நல்லா இருக்கேன்' என்பது போல. அந்த 599 வழியில் எங்கே டூ ஆனது என்று சொல்ல, 150 வருஷம் பின்னால் போக வேண்டும்.

நான் மெர்சிங்கில் ஓட்டிய முறையின் முழுப்பெயர் ரேடியோ டெலிடைப். இயக்குபவர்கள் செல்லமாக 'ரிட்டி' என்பார்கள். இங்கே விசைப்பலகையில் தட்டினால் கடலுக்கு அப்பால் ஒரு திரையில் எழுத்து விழும். நடுவே கம்பி இல்லை, செயற்கைக்கோள் இல்லை, இணையம் இல்லை. ஒவ்வோர் எழுத்தும் ஐந்து துடிப்பு. ஒவ்வொரு துடிப்பும் இரண்டு சுருதிகளில் ஏதாவது ஒன்று: 2125 ஹெர்ட்ஸ் அல்லது 2295 ஹெர்ட்ஸ். இடைவெளி 170. ச-வுக்கும் சுத்த ரிஷபத்துக்கும் உள்ள தூரத்தைவிடச் சற்றே அதிகம். ஆக, ச, ரி இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு உலகத்தோடு பேசுகிற காரியம் இது.

யாப்பு படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. நேர், நிரை என்று அசை இரண்டு. இரண்டு அசை சேர்ந்தால் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என நான்கு சீர். மூன்று சேர்ந்தால் காயும் கனியுமாக எட்டு. நான்கு சேர்ந்தால் பூவும் நிழலுமாகப் பதினாறு. அதற்கு மேல் நம் இலக்கணம் போகவில்லை. பாட்டில் வாய்க்காது என்று விட்டிருப்பார்கள். ஐந்தாவது அசை ஒன்றைச் சேர்த்திருந்தால் முப்பத்திரண்டு வாய்பாடு கிடைத்திருக்கும். அந்த ஐந்தசைச் சீரைத்தான் பிரான்சில் ஒருவர் தந்திக்கு எடுத்துக்கொண்டார்.

எமீல் போதோ தந்தித் துறையில் வேலை பார்த்தவர். 1874-ல் தம் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1877-ல் பாரிஸ்-போர்தோ தடத்தில் அது ஓடத் தொடங்கியது. மோர்ஸ் குறியில் ஓர் எழுத்து குட்டை, ஓர் எழுத்து நெட்டை. இயந்திரத்துக்கு அது பெரிய தொல்லை. போதோ முறையில் எல்லா எழுத்தும் ஒரே நீளம். அவருடைய விசைப்பலகையில் எழுத்தே கிடையாது, ஆர்மோனியத்தின் கட்டை போல ஐந்தே கட்டைகள். இடது கைக்கு இரண்டு, வலது கைக்கு மூன்று. இயந்திரம் 'டக்' என்று தாளம் போடும். அந்தத் தாளத்தில் பிசகாமல் அமுக்க வேண்டும். ஒரே கம்பியில் பல பேர் முறை வைத்து அனுப்பியதால், தாளம் தவறினால் உங்கள் எழுத்து போய்விடும். வேகத்தை அளக்கும் 'பாட்' என்ற அளவு அவர் பெயரிலிருந்து வந்ததுதான்.

இசைக்கலைஞனின் கை வேண்டியிருந்த அந்த முறையைச் சாதாரணக் குமாஸ்தாவின் கைக்குக் கொண்டுவந்தவர் டொனால்டு மர்ரி. நியூசிலாந்துக்காரர், பத்திரிகையில் வேலை பார்த்தவர். 1901 வாக்கில் அவர் தட்டச்சு விசைப்பலகையை இதோடு பொருத்தினார். இனி விரல் எழுத்தைத் தட்டும், ஐந்து துடிப்பை இயந்திரம் போட்டுக்கொள்ளும். எந்தத் துடிப்பு எந்த எழுத்துக்கு என்பது மனிதன் நினைவில் வைக்க வேண்டிய காரியம் இல்லை என்று ஆனதும், மர்ரி இயந்திரத்தின் பக்கமிருந்து யோசித்தார். அடிக்கடி வரும் எழுத்துக்குத் தாளில் ஒரே ஓட்டை, அரிதாக வருவதற்கு நிறைய. ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் ஈ-க்கும் டீ-க்கும் ஆளுக்கு ஓர் ஓட்டைதான். துளையிடும் ஊசி தேயக் கூடாதாம். இன்றைக்கு ஊசியும் இல்லை, தாளும் இல்லை. ஆனால் நான் மெர்சிங்கில் ஈ-யைத் தட்டும்போது மர்ரி மிச்சம் பிடித்த அந்தத் தேய்மானம் இன்னும் அதற்குள் இருக்கிறது.

முப்பத்திரண்டு வாய்பாட்டில் ஆங்கிலத்தின் 26 எழுத்து போனால் மிச்சம் ஆறு. எண்களை எங்கே வைப்பது? இங்கேதான் நம் 'டூ' பிறந்தது. ஒரே குறிக்கு இரண்டு முகம். 'இனி எண்' என்று ஒரு குறி அனுப்பினால், அதற்குப் பின்னால் வருபவை எண்ணாகும். 'இனி எழுத்து' என்று இன்னொரு குறி அனுப்பும்வரை அப்படியே போகும். தட்டச்சின் மேல் வரிசை எண்கள் அவற்றுக்குக் கீழே உள்ள எழுத்துகளோடு ஜோடி சேர்ந்துகொண்டன. 5-க்கு டீ, 9-க்கு ஓ. ஆகவே 599-க்கு முன்னால் போகும் 'இனி எண்' குறியை மட்டும் இடிச்சத்தமோ அலைத்தேய்வோ விழுங்கிவிட்டால், 599 டூ ஆகிவிடும். பழகியவர்கள் டூவைப் பார்த்ததும் 599 என்று எழுதிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். நான்தான் விழித்தேன்.

மலேசியர்களுக்கு இதில் இன்னொரு வம்பு உண்டு. தீபகற்ப மலேசியாவின் அழைப்புக்குறி 9எம்2 என்று தொடங்கும். எண், எழுத்து, எண், மறுபடி எழுத்து. பெயர் சொல்லவே நான்கு தடவை முகம் மாற்ற வேண்டும். ஜப்பான்காரருக்கு இரண்டு தடவை போதும். முதல் குறி தொலைந்தால் 9 போய் ஓ வந்துவிடும். 9எம்2 என்பது ஓஎம்2 ஆகும். ஓஎம் ஸ்லோவாக்கியாவுக்குக் கொடுத்த எழுத்து. ஒரே ஒரு குறி, மெர்சிங்கில் உட்கார்ந்திருந்தவனை ஐரோப்பாவுக்கு நடுவில் கொண்டுபோய்ப் போட்டுவிடும்.

மர்ரியின் குறி கொஞ்சம் மாறி உலகப் பொது வழக்கு ஆனது. கனடாவில் பிறந்து இங்கிலாந்தில் தொழில் நடத்திய பிரெடரிக் கிரீட் இயந்திரங்கள் செய்தார். அமெரிக்காவில் டெலிடைப் நிறுவனம் செய்தது. தாளத்துக்கு ஆள் காத்திருக்கும் தொல்லையும் தீர்ந்தது: ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் 'இதோ வருகிறேன்' என்று ஒரு துடிப்பு, பின்னால் 'முடிந்தது' என்று ஒரு துடிப்பு. சென்னை கிண்டியில் 1960-ல் ஹிந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் தொடங்கியது, இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு. தமிழ் நாளிதழ் அலுவலகங்களில் வேலை பார்த்த பழையவர்களைக் கேளுங்கள், டெலிபிரிண்டர் அறையின் 'கட கட' சத்தத்தைச் சொல்வார்கள். தாள் ஆங்கிலத்தில் வரும்; உதவி ஆசிரியர் கிழித்து எடுத்துப்போய்த் தமிழில் எழுதுவார்; காலையில் அது தமிழ்ச் செய்தி. ஒரு பத்திரிகையின் பெயரிலேயே தந்தி உண்டு. டெலிபிரிண்டர் அறைக்கு வந்த செய்தி மட்டும் ஆங்கிலம்.

தமிழுக்கு 247 எழுத்து, இந்தச் சின்னக் குறியில் எங்கே அடங்கும் என்று சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். மெர்சிங்கில் மழை விடாத ஒரு பகலில், பொழுது போகாமல் காகிதத்தில் கணக்குப் போட்டேன். உயிர் பன்னிரண்டு. மெய் பதினெட்டு. முதலெழுத்து முப்பது. க என்பது க்-உம் அ-வும்தானே? இயந்திரம் சேர்த்துக்கொள்ளட்டும். முப்பத்திரண்டில் முப்பது போனால் மிச்சம் இரண்டு. ஒன்று இடைவெளிக்கு, இன்னொன்று முகம் மாற்ற. ஆய்தமும் எண்களும் வரி மாற்றும் குறியும் மறுமுகத்தில். கச்சிதமாக அடங்குகிறது! யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கு வேலைக்கு வந்த ஆர். முத்தையா, தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியபோது பட்ட பாடெல்லாம் எழுத்தின் வடிவத்தோடு: கொம்பு, கால், சுழி, புள்ளி. தந்திக்கு வடிவம் வேண்டாம், எழுத்து போதும். எழுத்தை ஒலியாகப் பிரித்து வைத்த இலக்கணம் நம்மிடம் இரண்டாயிரம் வருஷமாக இருக்கிறது. ஆனால் இன்றைக்கும் ரிட்டியில் இரண்டு தமிழர்கள் சந்தித்தால் வணக்கத்தை ரோமன் எழுத்தில்தான் தட்டுகிறோம். எனக்கு இது வருத்தம்தான்.

இயந்திரம் அமெச்சூர்களின் கைக்கு வந்த கதை, பழைய பொருள் விற்பனையின் கதை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்காவில் உபரி டெலிடைப் இயந்திரங்கள் மலிவாகக் கிடைத்தன. 1946-ல் நியூயார்க்கில் ஜான் வில்லியம்ஸ் என்பவர் அப்படியொன்றை டிரான்ஸ்மிட்டரோடு இணைத்தார். டபிள்யூ2பிஎஃப்டி என்ற அவர் அழைப்புக்குறியை ரிட்டிக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். தொலைதூரம் போகும் சிற்றலையில் அதிர்வெண்ணை மாற்றி அனுப்பும் இந்த முறைக்கு அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் பொது அனுமதி கொடுத்தது 1953-ல். அந்த இயந்திரங்களின் பல்சக்கரம் நிமிடத்துக்கு 60 சொல் வேகத்தில் சுழன்றது. துடிப்புக்கு 22 மில்லிவிநாடி. கணக்குப் போட்டால் 45.45 பாட். ஐரோப்பாவின் தந்தி 50 பாட்டில் ஓடியது. ஆனாலும் உலகம் முழுக்க அமெச்சூர்கள் அமெரிக்கச் சக்கரத்தின் வேகத்தையே எடுத்துக்கொண்டார்கள். சக்கரம் துருப்பிடித்துக் காணாமல் போன பிறகும் அந்த 45.45 போகவில்லை.

இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய இரும்புப் பெட்டி, எண்ணெய் வாடை, தரை அதிரும் சத்தம். அடுத்த வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்வாரா? சிக்னல் சரியாக அகப்பட்டிருக்கிறதா என்று பார்க்க ஓர் ஆசிலோஸ்கோப் வைத்திருப்பார்கள். இரண்டு சுருதியும் இரண்டு மெல்லிய நீள்வட்டங்களாகத் திரையில் வரும். ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக் கூட்டல் குறியாக நின்றால் சரி. 2000 வாக்கில் ஜப்பானின் மாக்கோட்டோ மோரி எழுதி இலவசமாகக் கொடுத்த எம்எம்டிடிஒய் என்ற மென்பொருள் அந்த இரும்பு மொத்தத்தையும் கணினியின் ஒலி அட்டைக்குள் போட்டுவிட்டது. அதிலும் அந்தக் கூட்டல் குறி இருக்கிறது. இப்போது ஐகாம் 7300 மாதிரி ரேடியோக்களில் கணினிகூட வேண்டாம். பெட்டியின் திரையிலேயே எழுத்து ஓடும்.

என் இரண்டு நாள் மௌனத்தின் காரணத்தை இன்னும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் இரவு ஜொகூர் பாருவில் இருக்கும் மூத்த அமெச்சூர் ஒருவருக்குப் போன் போட்டேன். மோர்ஸ் தேர்வு எழுதி உரிமம் வாங்கிய தலைமுறை.

"அண்ணே, சத்தம் நல்லாக் கேக்குது. திரையில மட்டும் கண்டபடி எழுத்து வருது. நான் கூப்புட்டாலும் யாரும் வரல."

"எந்த சைட்பேண்ட்ல வெச்சிருக்க?"

"14 மெகாஹெர்ட்ஸ்தானே அண்ணே, யூஎஸ்பி."

"பேசறதுக்கு யூஎஸ்பி. ரிட்டிக்கு எல்எஸ்பிடா தம்பி. சட்டையத் திருப்பிப் போட்டுட்டு ஊர்வலம் போயிருக்க, ரெண்டு நாளா."

அவ்வளவுதான் விஷயம். எல்எஸ்பி என்ற கீழ்ப் பக்கப்பட்டைக்குப் பதில் யூஎஸ்பி என்ற மேல் பக்கப்பட்டையில் வைத்ததால் ச இருக்க வேண்டிய இடத்தில் ரி, ரி இருக்க வேண்டிய இடத்தில் ச. 'இதோ வருகிறேன்' துடிப்பும் 'முடிந்தது' துடிப்பும் தலைகீழாகிவிடும். எழுத்து எங்கே தொடங்குகிறது என்றே எதிர்முனைக்குத் தெரியாது. காதுக்கு மட்டும் எல்லாம் சரியாக இருக்கும், அதுதான் கொடுமை. இன்னொன்றும் கேட்டார், எத்தனை வாட் என்று. நூறு என்றேன். ஐம்பதாகக் குறைக்கச் சொன்னார். பேச்சில் மூச்சுவிட இடம் உண்டு; ரிட்டியில் அனுப்பும் நேரம் முழுக்க டிரான்ஸ்மிட்டர் முழு வலுவில் எரியும். எனக்கு உறைத்தது, பெட்டியின் விசிறி இரண்டு நாளாகக் கத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் மாலை ஜப்பான் கிடைத்தது. ஈரமான உப்பு மணலை ஒட்டிய செங்குத்துக் கம்பிக்குக் கடல் பெரிய துணை. அலை தாழ்ந்த கோணத்தில் கடல்மேல் கிளம்பி, 250, 300 கிலோமீட்டர் உயரத்தில் அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பும். இந்தக் கம்பியை என் வீட்டு மாடியில் கட்டினால் இந்தப் பலன் இல்லை. அமெச்சூர்கள் கடற்கரைக்கும் தீவுகளுக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவதற்கு இதுவும் காரணம்.

இதே மெர்சிங் கரையில்தான் கடலடிக் கேபிள்கள் கரையேறுகின்றன என்பதை அந்த வாரம்தான் உறைத்துப் பார்த்தேன். ஜெர்மனியிலிருந்து கொரியாவரைக்கும் ஆஸ்திரேலியாவரைக்கும் 39,000 கிலோமீட்டர் நீண்ட சீ-மீ-வீ 3 கேபிளுக்கு மலேசியாவில் இரண்டு இறங்குதுறை இருந்தன: பினாங்கு, மெர்சிங். கொச்சியும் மும்பையும் கொழும்பை ஒட்டிய கல்கிசையும் அதே கேபிளின் மற்ற நிறுத்தங்களாக இருந்தன. 2012-ல் வந்த ஏஎஸ்இ கேபிளும் மெர்சிங்கைத் தொட்டு ஜப்பானுக்குப் போகிறது. விநாடிக்கு 15 டெராபிட் அளவுக்குத் திட்டமிட்டது. 1871-ல் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் கடலடித் தந்தி இணைத்ததிலிருந்து இந்தப் பக்கத்துக் கடல் கம்பிக்குப் பழகியதுதான். என் ரிட்டி நிமிடத்துக்கு 368 குறி அனுப்பும். கைப்பேசியில் எடுத்த 3 மெகாபைட் புகைப்படம் ஒன்றை அதில் ஜப்பானுக்கு அனுப்பினால், ராப்பகல் விடாமல் ஒன்பது நாள் ஆகும். பெட்டி அதுவரை பிழைத்திருந்தால்.

பிறகு யார் ரிட்டியைத் தொடுகிறார்கள்? 2017-ல் எஃப்டி8 என்ற முறை வந்தது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் செய்தது. காதுக்கே கேட்காத சிக்னலையும் அது படித்துவிடும். கூட்டம் பெரும்பாலும் அங்கே போய்விட்டது. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. நாமாக எழுத 13 எழுத்துதான் இடம். மற்றதெல்லாம் கணினிக்கும் கணினிக்கும் நடக்கும் பேச்சு. ரிட்டியில் எதிரில் இருப்பவர் தட்டித் தடுமாறி, மறுபடி தட்டுவது தெரியும். யோசிக்கும்போது வெறும் குறி 'டிடிலு டிடிலு' என்று ஓடும். 'டிடில்' என்றே அதற்குப் பெயர். ஒருவர் மறுமுனையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்கு அது சாட்சி. கப்பல்காரர்களுக்கும் ரிட்டியின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் இன்னும் வேலை செய்கிறான்: 518 கிலோஹெர்ட்ஸில் நாவ்டெக்ஸ். அதே 170 ஹெர்ட்ஸ் இடைவெளி, வேகம் 100 பாட், பிழை கண்டுபிடிக்கக் கூடுதல் துடிப்புகள். சிங்கப்பூரிலிருந்து வரும் அந்த ஒலிபரப்புதான் மெர்சிங்குக்கு வெளியே ஓடும் கப்பல்களுக்குப் புயலெச்சரிக்கை சொல்கிறது.

அந்த ஜப்பான்காரருக்கு நானும் 599 அனுப்பினேன். அவர் திரையில் அது எப்படி விழுந்ததோ. நன்றி சொல்லி 73 என்று முடித்தார். 73 என்றால் வாழ்த்துகள். அதுவும் எனக்கு யூ, ஈ என்று வந்தது. இந்தத் தடவை விழிக்கவில்லை.

செப்டம்பரின் கடைசி முழு வார இறுதியில் உலக ரிட்டிப் போட்டி நடக்கும். மலேசிய நேரப்படி சனிக்கிழமை காலை 8 மணிக்குத் தொடங்கி 48 மணி நேரம். சிற்றலை ரிசீவர் இருப்பவர்கள் 14.080 மெகாஹெர்ட்ஸிலிருந்து மேலே நகர்த்திக்கொண்டே போங்கள். இல்லாதவர்களுக்கு நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவைத்த ரிசீவர் இருக்கிறது. சில்வண்டுக் கூட்டம் போல ச-ரி ச-ரி என்று கேட்கும். கணினியில் எழுத்தாகவும் பார்க்க வேண்டுமென்றால், மறக்காமல் எல்எஸ்பி-யில் வையுங்கள்.